வத்திப்போன கிணத்தை எந்தக் கலர்ல வரையறது?

பேப்பர்ல உள்பக்கம் ஒரு மூலையில சின்னதா ஒரு பெட்டி வரும், பாத்திருப்பீங்க. 'அணைகளின் நீர்மட்டம்'. முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் டீக்கடையில அரசியலே பேசாத ஆளுகூட இந்தப் பெட்டியைப் படிச்சுட்டுத்தான் பேப்பரை மடிப்பார். வைகை 66 அடியைத் தொட்டா முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது, 71 வந்தா அணை நிறைஞ்சது. இதெல்லாம் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

இப்ப ஒரு கேள்வி. 71 அடி அணையில 35 அடி தண்ணி நிக்குதுன்னு பேப்பர்ல போட்டா என்ன அர்த்தம்? பாதி இருக்குன்னுதான் எல்லாரும் நினைப்போம். பாதி இல்ல. அணைங்கிறது மொட்டை மாடியில நிக்கிற பிளாஸ்டிக் டேங்க் இல்ல, கிட்டத்தட்ட புனல் மாதிரி. கீழே ஒடுங்கி மேலே விரிஞ்சு கிடக்கும். மேட்டூர்க் கணக்கை எடுத்துக்குவோம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச அணை. 120 அடி நிறைஞ்சா 93.47 டிஎம்சி. அதுல பாதி உயரமான 60 அடியில தண்ணி எவ்வளவு தெரியுமா? சுமார் 25 டிஎம்சி. அதாவது கால்வாசியைக் கொஞ்சம் தாண்டி. மேல இருக்கிற ஒரு அடியும் கீழ இருக்கிற ஒரு அடியும் ஒரே அடி இல்ல.

பேப்பர்காரர் பொய் சொல்லல. அடி சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த எண்ணைப் படிச்சதும் நம்ம மண்டைக்குள்ள தானா ஒரு படம் விழுது பாருங்க, அந்தப் படம் தப்பு. அதே இடத்துல விரல் அகலத்துக்கு ஒரு புனல் படம் போட்டு, தண்ணி நிக்கிற அளவுக்கு நீலம் அடிச்சிருந்தா ஒரு வார்த்தை விளக்கம் வேண்டியதில்ல. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணி குடுக்கிற ஆத்தூர் காமராசர் அணைக்கு முழு உயரமே 23.5 அடிதான். அங்க ஒவ்வொரு அடியும் ஊருக்கு எத்தனை நாள் தண்ணின்னு போட்டா இன்னும் நல்லது. அடியை வச்சு நாம என்ன பண்றது, நமக்கு வேண்டியது நாள் கணக்கு.

தகவலைப் படமா காட்டுறது, இன்ஃபர்மேஷன் விஷுவலைசேஷன், அப்படின்னு இதுக்குப் பெருசா பேர் வச்சு கம்ப்யூட்டர் ஆளுங்க பேசுவாங்க. கலர் கலரா வட்டம், அசையுற குமிழி, சுத்துற உலக உருண்டை. பாக்க ஜோராத்தான் இருக்கும். எனக்கு அதுல ஒரு மனத்தாங்கல் உண்டு. இது ஏதோ படிச்சவங்க படிக்காதவங்களுக்குக் கத்துக்குடுக்கிற வித்தை மாதிரி பேசுறாங்க. எங்க ஊர்க் கிணத்துல எத்தனை படி வெளிய தெரியுதுன்னு பாத்துட்டு, இந்தத் தண்ணிக்கு நெல்லு போடலாமா, சோளத்தோட நிறுத்திக்கலாமான்னு முடிவு பண்ணின ஆளுங்களுக்கு கிராஃப் படிக்கத் தெரியாதா? கிணத்துப் படியே ஒரு கிராஃப்தானே. மதுரைக்காரங்க வைகையில எவ்வளவு வெள்ளம்னு கேட்டா கன அடி சொல்ல மாட்டாங்க, மைய மண்டபத்துல எதுவரைக்கும் தண்ணின்னு சொல்லுவாங்க. குளம் நிறைஞ்சதுக்கு அடையாளம் மறுகால் பாயுறது. அளவுகோல் கண்ணு முன்னாடி நின்னுச்சு, எல்லாரும் படிச்சாங்க.

இப்பவும் படிக்கிறாங்க. 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் பாருங்க, வீட்டுல அம்மாக்கள்கூட போன்ல ராடார் படத்தைத் திறந்து "செவப்பு கிட்ட வந்துருச்சு, துணியை எடுடா"ன்னு சொல்ற காலம் இது. யாரும் வகுப்பு எடுக்கல. படம் அவங்க கேள்விக்குப் பதில் சொல்லுச்சு, அவ்வளவுதான்.

அப்ப எங்க இடிக்குது? நிலத்தடித் தண்ணியில இடிக்குது. திண்டுக்கல் சமவெளிக்கு உயிரே அதுதான். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, எந்தப் பக்கம் போனாலும் பூவும் காய்கறியும் கிணத்தையும் போரையும் நம்பித்தான் நிக்குது. எங்களுக்குக் கீழ கெட்டிப்பாறை. தண்ணி மேலாப்புல இருக்கிற சிதைஞ்ச பாறையிலயும், அதுக்குக் கீழ விரிசல்லயும்தான் இருக்கும். ஆழம் போகப் போக விரிசல் குறையும். ஆனா போர் வண்டி நிக்கிற இடத்துல போய் "எத்தனை அடிண்ணே?"ன்னு கேட்டா "800 தாண்டியாச்சு தம்பி, பொகைதான் வருது, இன்னொரு 100 போய்ப் பாத்துருவோம்"னு பதில் வரும். அந்த இன்னொரு 100 அடிக்கு ஆகுற காசு பெரும்பாலும் கடன் காசு. தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பாத்தவர் சொன்ன இடம் அது. (தேங்காய் எந்திரிச்சு நிக்கும்பாங்க. நின்னுச்சு, தண்ணிதான் நிக்கல.)

அந்த ஆளுக்குத் தெரிய வேண்டிய தகவல் இல்லாமலா இருக்கு? இருக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு, கண்காணிப்புக் கிணறுகள்ல அளவு எடுக்குது. மாநில அரசோட நீர்வள விவர மையம் தனியா அளக்குது. பல வருஷக் கணக்கு. எல்லாம் அட்டவணையா, இங்கிலீஷ்ல, பிடிஎஃப்ல கிடக்கு.

அட்டவணையில முதல் குழப்பமே இது: அளவு 'தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை மீட்டர்'. போன வருஷம் 12, இந்த வருஷம் 15ன்னா தண்ணி ஏறல, இறங்கியிருக்கு. எண் கூடினா தண்ணி குறைவு. இதை அப்படியே கம்ப்யூட்டர்ல குடுத்து கோடு போடச் சொன்னா கோடு மேல போகும். பாக்குறவன் என்ன நினைப்பான்? நல்லவேளை, வாரியத்துப் படங்கள்ல பலதுல கோட்டைத் தலைகீழாத்தான் போடுறாங்க. ஆனா அதையே எடுத்து வேற யாராவது போடும்போது பல தடவை நேரா நிமிர்த்தி வச்சுடறாங்க. போர் ஆழத்தை அடியில பேசுற ஊர்ல மீட்டர்ல எழுதினா அது இன்னொரு சுவர்.

ரெண்டாவது, அந்தக் கலர் மேப். தமிழ்நாட்டுல பிர்க்கா வாரியா கணக்குப் போடுறாங்க. ஒரு வருஷத்துல எடுக்கலாம்னு இருக்கிற தண்ணியில 70 சதவீதத்துக்குள்ள எடுத்தா பாதுகாப்பு. 70லேருந்து 90 வரை பாதி அபாயம், 90லேருந்து 100 வரை அபாயம், 100 தாண்டினா அளவுக்கு மீறி உறிஞ்சினது. கடைசி வகைக்கு சிவப்பு. எங்க மாவட்ட மேப்புல சிவப்புக்குப் பஞ்சமே இல்ல. இந்த மேப்பு எதுக்காகப் போட்டதோ அதுக்குச் சரி. அதிகாரிக்கு எந்தப் பக்கம் தடுப்பணை கட்டணும்னு ஒரு பார்வையில தெரியும். ஆனா 101 சதவீதமும் சிவப்பு, 180 சதவீதமும் சிவப்பு. 99க்கும் 101க்கும் நடுவுல கலரே மாறிடும், 101க்கும் 180க்கும் நடுவுல ஒண்ணும் மாறாது. முதல் பிர்க்கா ஒரு நல்ல மழைக்குத் தேறிடும், ரெண்டாவது தேறாது. ரெண்டு பேருக்கும் ஒரே கலர் சட்டையை மாட்டி நிப்பாட்டியாச்சு. போதாததுக்கு, இந்த மேப்பை யாராவது பஞ்சாயத்து ஆபீசுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் கலர் ஆயிடும். அப்புறம் சுபம்.

மாவட்ட சராசரின்னு ஒண்ணு இருக்கே, அதைப் பத்தியும் சொல்லிடறேன். திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆண்டு சராசரி மழை 800 மில்லிமீட்டர் சொச்சம்னு போடுவாங்க. இந்த மாவட்டத்துக்குள்ளதான் கொடைக்கானலும் இருக்கு, அங்க 1,600-ஐ ஒட்டிப் பெய்யும். கீழ வேடசந்தூர்ப் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். மலையையும் காட்டையும் கூட்டி வகுத்த மழை எந்த ஊர்லயும் பெய்யாத மழை. அதை ஒரே எண்ணாக் குடுக்காம, மாவட்ட வரைபடத்துல மழைமானி இருக்கிற இடத்துலயெல்லாம் அந்தந்த அளவுக்கு ஒரு பொட்டு வச்சா, மலையில பெரிய பொட்டும் கீழ சின்னச் சின்னப் பொட்டுமா, சின்னப் புள்ளைக்கும் விளங்கும்.

(கொடைக்கானல்னதும் ஞாபகம் வருது. அங்க இருக்கிற சூரிய ஆய்வகத்துல நூறு வருஷத்துக்கு மேலா வானம் தெளிவா இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. தனித்தனியா பாத்தா வெள்ளை வட்டத்துல கறுப்புப் புள்ளிகள். ஆனா எந்தத் தேதியில எந்த அட்சரேகையில புள்ளி இருந்துச்சுன்னு ஒரே தாள்ல வச்சுட்டுப் போனா, வரிசையா பட்டாம்பூச்சி பறக்குற மாதிரி உருவம் வருது, சுமார் 11 வருஷத்துக்கு ஒரு பூச்சி. இதை முதல்ல 1904-ல இங்கிலாந்துல மௌண்டர் தம்பதி போட்டாங்க. சூரியனுக்கே இந்த மரியாதை கிடைக்குது, கிணத்துக்குக் கிடைக்க மாட்டேங்குது :-) )

சரி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

கொஞ்ச வருஷம் முன்னாடி, தென்னிந்தியாவுல நிலத்தடி நீர் மீண்டு வருதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. கிணத்து அளவுகளும் செயற்கைக்கோள் அளவுகளும் அப்படித்தான் சொல்லுதுன்னு ஆய்வுகள் வந்துச்சு. அதே நேரத்துல விவசாயி இன்னும் ஆழமா போர் போட்டுக்கிட்டிருந்தான், கிணறுகள் வத்திக்கிட்டிருந்துச்சு. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? 2019-ல தேஜஸ்வி ஹோரா, வீணா ஸ்ரீனிவாசன், நந்திதா பாசு மூணு பேரும் 'ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ்' ஆய்விதழ்ல இந்தப் புதிரைப் பத்தி எழுதினாங்க. காரணம் கேட்டா சிரிப்பு வரும், அப்புறம் வயித்தைக் கலக்கும். கிணறு வத்திப்போனா அங்க அளக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அளவு இல்லாததால அந்தக் கட்டம் காலி. தொடர்ச்சியா அளவு இருக்கிற கிணறுகளை மட்டும் எடுத்துக்குவோம்னு ஆய்வாளர் சுத்தம் பண்ணும்போது, வத்தின கிணறுகளெல்லாம் கணக்கை விட்டே வெளிய போயிடுது. மிச்சம் இருக்கிறதெல்லாம் தண்ணி இருக்கிற கிணறு. சராசரி போட்டா நல்லாத்தானே இருக்கும்! விட்டுப்போன கிணறுகளையும் கணக்குல சேத்தா நிலைமை மீளல, இறங்கிக்கிட்டுத்தான் இருக்குன்னு அவங்க காட்டினாங்க.

ஒரு ஊர்ல 10 கிணறுன்னு வச்சுக்குங்க, என் கற்பனைக் கணக்குதான். அஞ்சுல 20 அடியில தண்ணி, அஞ்சுல 50 அடியில. சராசரி 35. அடுத்த வருஷம் 50 அடிக் கிணறு அஞ்சும் வத்திருச்சு, 20 அடிக் கிணறு அஞ்சும் 30க்கு இறங்கிருச்சு. எல்லாக் கிணத்துலயும் நிலைமை மோசம். ஆனா அட்டவணை சராசரி 30! நீர்மட்டம் 5 அடி உயர்வுன்னு செய்தி போட்டுடலாம்.

என்னைப் பொறுத்தவரை, படம் போடுறதுக்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது. 10 கிணத்தையும் 10 குழாய் மாதிரி வரிசையா வரைஞ்சு வச்சா, அஞ்சு குழாய் காலியா நிக்கிறது கண்ணுல அறையும். அதை எந்தச் சராசரியாலயும் மூடி மறைக்க முடியாது. அட்டவணையில காலிக் கட்டம் ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், படத்துல காலிக் கிணறு கிணறாவே நிக்கும். அதனாலதான் சொல்றேன், படம் போடுற ஆளு முதல்ல கேட்டுக்க வேண்டியது எந்தக் கலர் அழகுன்னு இல்ல, இந்தக் கணக்குல யாரு விட்டுப்போயிருக்காங்கன்னுதான். வத்தின கிணத்துக்கு ஒரு கலர் வேணும். என்னைக் கேட்டா கரிக்கறுப்பு. சிவப்பு வேணாம், சிவப்புன்னா இன்னும் ஏதோ பண்ணலாம்னு அர்த்தம்.

விட்டுப்போறது வத்தின கிணறு மட்டும் இல்ல. திண்டுக்கல்னாலே பூட்டும் பிரியாணியும் சொல்லுவாங்க, தோல் ஷாப்பை மறந்துடுவாங்க. ஊரைச் சுத்தி ஏறத்தாழ 80 தோல் பதனிடும் ஆலைகள் இருக்கிறதாவும், குடகனாத்து மேல்பகுதியில அதோட கழிவு நிலத்தடித் தண்ணியை எப்படி மாத்தியிருக்குன்னும் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2005-ல எழுதியிருக்காங்க. உப்பு அளவு ஒரே மாதிரி இருக்கிற இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைச்சு, வளையம் வளையமா மேப்பு. மலை உசரத்தைக் காட்டுற மேப்பு மாதிரியேதான். அதைப் பாத்தா ஆலைகள் இருக்கிற இடத்தைச் சுத்தி உப்பு எப்படிக் குவிஞ்சிருக்குன்னு விளங்கும். அருமையான படம். ஆனா அது ஆய்விதழுக்குள்ள, இங்கிலீஷ்ல இருக்கு. அந்த வளையத்துக்குள்ள தென்னை வச்சிருக்கிறவர் எத்தனை பேர் அதைப் பாத்திருப்பாங்க? தண்ணி எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்ற மேப்புல, வாயில வைக்க முடியாத தண்ணியும் தண்ணிதான், பச்சைதான்.

இதெல்லாம் நடக்காத காரியம்னு சொல்றவங்களுக்கு ஆந்திரா உதாரணம் ஒண்ணு இருக்கு. 2003-லேருந்து சில வருஷம், ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு உதவியோட, வறட்சியான 7 மாவட்டங்கள்ல, கர்நூல், அனந்தபூர், கடப்பா, சித்தூர் உட்பட, 600க்கும் மேல கிராமங்கள்ல விவசாயிகளே மழையை அளந்தாங்க, கயிறு மாதிரி ஒரு கருவியைப் போருக்குள்ள இறக்கித் தண்ணி மட்டத்தை அளந்தாங்க. அளந்ததை நோட்டுல எழுதி பீரோவுல வைக்கல. ஊர்ப் பொதுச் சுவர்ல, பலகையில பெயிண்ட்ல எழுதினாங்க. ரபி பருவத்துக்கு முன்னாடி உக்காந்து, இவ்வளவு தண்ணி இருக்கு, நீங்க போட நினைக்கிற பயிருக்கு இவ்வளவு வேணும், இவ்வளவு துண்டு விழுதுன்னு வரவு செலவு பாத்தாங்க. யாரும் யாரையும் நெல்லு போடாதேன்னு சட்டம் போடல. இருந்தும் பல இடங்கள்ல தண்ணி அதிகம் குடிக்கிற பயிரோட பரப்பு குறைஞ்சதா பதிவாகியிருக்கு. அதுக்கும் முன்னாடியே, 1990களிலேயே, பங்கேற்பு முறைன்னு சொல்லி கிராமத்துத் தரையில கோலப்பொடியால ஊர் வரைபடம் போட வச்சாங்க, மாசா மாசம் மழைக்குப் புளியங்கொட்டையைக் குவிச்சுக் காட்டச் சொன்னாங்க. ராபர்ட் சேம்பர்ஸ் அதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். கொட்டையைக் கூட்டிக் குறைச்சு வைக்கும்போது ஊரே சுத்தி நின்னு சண்டை போடும், "போன ஐப்பசியில ஏதுய்யா இவ்வளவு மழை"ன்னு. அந்தச் சண்டைதான் வேணும். பிடிஎஃப் கூட யார் சண்டை போடுறது?

2019 டிசம்பர்ல மத்திய அரசு அடல் பூஜல்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. பஞ்சாயத்து வாரியா தண்ணி வரவு செலவு போட்டு மக்களுக்குக் காட்டுறதும் அதுல உண்டு. எடுத்துக்கிட்ட 7 மாநிலத்துல பக்கத்துக் கர்நாடகா இருக்கு, தமிழ்நாடு இல்ல. சரி, இல்லாட்டிப் போகுது, சுவரும் பெயிண்டும் நம்மகிட்ட இல்லையா என்ன? தேர்தல் வந்தா ஒரு சுவரை விடுறோமா?

இதைச் சொன்னா உடனே வர்ற எதிர்ப்பு என்னன்னு எனக்குத் தெரியும். "ஊர்ச் சுவர்ல கிணறு வத்திருச்சுன்னு எழுதி வச்சா நிலத்தை எவன் வாங்குவான்? பேங்க்ல கடன் குடுப்பானா? பொண்ணு குடுப்பானா?" சும்மா ஒதுக்கித் தள்ளுற கேள்வி இல்ல இது. நிலத்தை வித்துத்தான் பொண்ணு கல்யாணத்தை முடிக்கணும்னு இருக்கிறவருக்கு அந்தக் கறுப்புக் குழாய் நேரடியா நஷ்டம். ஆனா மறைச்சா யாருக்கு நஷ்டம்னும் பாக்கணும். விக்கிறவர் தப்பிச்சுடுவார். வாங்கினவர் வந்து, தேங்காய் வச்சு, 800 அடி போய், பொகையைப் பாத்துட்டு உக்காருவார். தண்ணி இருக்கா இல்லையாங்கிறது ஏற்கெனவே புரோக்கருக்குத் தெரியும், போர் வண்டிக்காரருக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தெரியும். தெரியாதது கடன் வாங்கிட்டு வந்து நிக்கிறவருக்கு மட்டும்தான். அதனால தோட்டத்துக்காரர் பேரைப் போட வேணாம், தனியார் போரைக் காட்ட வேணாம். பஞ்சாயத்துக் கிணறு, பஞ்சாயத்து போர், இருக்கிற கண்காணிப்புக் கிணறு, இது போதும் ஆரம்பிக்க.

எப்படி இருக்கணும்னும் சொல்லிடறேன். ரேஷன் கடைச் சுவர் நல்லது, வரிசையில நிக்கும்போது படிச்சுத்தான் ஆகணும். கிணத்தை வெட்டிப் பாத்த மாதிரி மேலேருந்து கீழ நீளமா வரையணும், அடிக்கணக்குல, எண் கீழ போகப் போகக் கூடுற மாதிரி. இந்த மாசத் தண்ணிக்கு ஒரு நீலக் கோடு. போன வருஷம் இதே மாசத்துக்கு ஒரு மங்கின கோடு. போன மாசத்தோட ஒப்பிட வேணாம், ஐப்பசி கார்த்திகை முடிஞ்சா ஏறத்தான் செய்யும், சித்திரையில இறங்கத்தான் செய்யும், அதுல தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல. இதுவரைக்கும் மோசமா இறங்கின வருஷத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, பக்கத்துல வருஷம். வத்தின கிணத்தை அழிக்கக் கூடாது, காலிக் குழாயா அப்படியே நிக்கணும். தண்ணி உப்புன்னா ஒரு உப்பு மூட்டைப் படம் போதும். அவ்வளவுதான். சுத்துற உருண்டை எதுவும் வேணாம்.

மாசம் ஒரு தடவை ஏணி போட்டு ஏறி அந்த நீலக் கோட்டை மாத்தி எழுத ஒரு ஆளு வேணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்ட குடுத்தா செய்யும்னு எனக்குத் தோணுது. ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியும் புள்ளியியல் பாடம் இருக்கு, சராசரி எடுக்கச் சொல்லிக் குடுக்கிறாங்க. அதே புள்ளைங்க, வத்தின கிணத்தைச் சேத்து ஒரு தடவை, சேக்காம ஒரு தடவை எடுத்துப் பாக்கட்டும். உங்க ஊர்ல யாராவது ஏற்கெனவே இப்படிச் சுவர்ல எழுதியிருந்தா சொல்லுங்க, பஸ் ஏறி வந்து பாக்குறேன்.